கம்ப்யூட்டர் கணக்கும் கடைக்காரர் கவனமும்



2019-ஆம் ஆண்டு ஜூலை மாதம், குளச்சல் பக்கம் பலசரக்குக் கடை நடத்தும் நண்பர் ஒருவர் நெய்யூரில் உள்ள எனது மொத்த வியாபாரக் கடைக்கு வந்தார். நம் மேற்குக் கரையில் ஜூன், ஜூலை இரண்டு மாதமும் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். கடலோரக் கடைகளில் அப்போது கையிருப்பு மட்டு. இதை முன்கூட்டி யோசித்து, மே 28-ஆம் தேதியே அவர் 18,400 ரூபாய் கட்டி பழைய பாக்கியைத் தீர்த்திருந்தார். ஆனால் ஜூலை 5-ஆம் தேதி நான் அனுப்பிய பாக்கிப் பட்டியலில் அதே தொகை மீண்டும் நின்றது.

“அண்ணாச்சி, பைசா அன்னைக்கே தந்தாச்சில்லா? மறந்துட்டியளா?” என்று ரசீதை எடுத்து வைத்தார். எனக்குத் தலைகுனிவாகிவிட்டது.

கணக்கைத் திறந்து பார்த்தேன். வரவு முறையாகப் பதிவாகியிருந்தது. பட்டியலில் மட்டும் வரவில்லை. இதில் விந்தை என்னவென்றால், ஜூலை 13-ஆம் தேதி எடுத்த பட்டியல் சரியாக வந்தது! இதற்கு வேறு யாரையும் குறை சொல்ல இயலாது. 1990-களில் மாலை வகுப்பில் ஃபாக்ஸ்புரோ கற்று, பின்னர் மைக்ரோசாஃப்ட் அக்சஸுக்கு மாறி, அந்தப் புரோகிராமை எழுதியவன் நானே. என்னைப் போலச் சொந்தமாகவோ, தெரிந்த பையன்களைக் கொண்டோ இப்படிச் சிறு புரோகிராம் எழுதி வைத்திருக்கும் வியாபாரிகளுக்காகச் சில அனுபவக் குறிப்புகள் இதோ.

தேதியில் வரும் தகராறு

நாம் நாள், மாதம், வருடம் என்று எழுதுகிறோம். அக்சஸ் புரோகிராமின் கேள்வி வரிகளுக்குள் தேதியை நேரடியாக எழுதினால், அது அமெரிக்க வழக்கப்படி முதலில் மாதம், பிறகு நாள் என்று எடுத்துக்கொள்ளும். 05/07/2019 என்று நான் கொடுத்ததை அது மே 7 என்று படித்தது. மே 7-க்குப் பிறகு வந்த வரவுகள் அத்தனையும் விடுபட்டன. 13/07 என்றால், பதின்மூன்றாவது மாதம் இல்லையே! அப்போது மட்டும் அது தானாகவே ஜூலை 13 என்று திருப்பிக்கொள்ளும். பிழைச் செய்தி எதுவும் வராது. முதல் பன்னிரண்டு நாள் தப்பு, பிறகு சரி என்று ஒரு பட்டியல் வந்தால் நோய் இதுதான் என்று அறிக.

மருந்து எளிது. கேள்வி வரிகளில் தேதியை எப்போதும் வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் 2019-07-05 என்று அமைத்துக் கொடுங்கள். இதில் இரண்டு பொருளுக்கு இடமில்லை.

எண்ணாகத் தெரிவதெல்லாம் எண் அல்ல

2017 ஜூலை 1-இல் ஜி.எஸ்.டி. வந்தபோது பலர் சரக்குக் குறியீட்டை எண் என்று வைத்துவிட்டார்கள். நல்லமிளகின் 0904 உடனே 904 ஆகிவிட்டது. கூட்டிக் கழிக்காத எதையும் எழுத்தாகவே வையுங்கள். செல்போன் எண்ணும் அப்படித்தான். அக்சஸின் ‘லாங் இன்டிஜர்’ சுமார் 214 கோடி வரைதான் கொள்ளும். 9-இல் தொடங்கும் பத்து இலக்கம் அதில் அடங்காது. ஜி.எஸ்.டி. பதிவெண்ணுக்குச் சரியாக 15 இடம். தமிழ்நாட்டு வியாபாரிக்கு 33, கேரள வியாபாரிக்கு 32 என்று தொடங்கும். நாமோ இரு மாநிலத்திலும் கொள்முதல் செய்பவர்கள். பதியும்போதே இதைச் சரிபார்க்கும்படி எழுதிவிட்டால், வரி வகை மாறிப் போகாது.

ரூபாய்த் தொகைக்கு ‘டபுள்’ வேண்டாம். ‘கரன்சி’ என்ற வகையே ஏற்றது. பத்துப் பைசாவைக்கூட ‘டபுள்’ முழுத் துல்லியமாக வைக்காது. பாக்கி தீர்ந்த பிறகும் கணக்கில் ஒரு துளி ஒட்டிக்கொண்டு நிற்பது இதனால்தான்.

வாடிக்கையாளர் பெயரை நம்பாதீர்கள். ஒரே கடையை மூன்று பேர் மூன்று விதமாக எழுதினால் மூன்று கணக்கு உண்டாகும். ஆளுக்கொரு எண் கொடுங்கள். மீதியைத் தனியாகப் பதிந்து வைக்கவும் வேண்டாம். பற்றும் வரவும் மட்டும் பதிவாகட்டும். மீதியை ஒவ்வொரு முறையும் கூட்டி எடுக்கட்டும்.

பழைய ஃபாக்ஸ்புரோ வைத்திருப்பவர்களுக்கு

மைக்ரோசாஃப்ட் 1992-இல் வாங்கிய ஃபாக்ஸ்புரோவுக்கு, 2015 ஜனவரியோடு ஆதரவு முடிந்துவிட்டது. டாஸ் காலத்துப் புரோகிராம்கள் 64-பிட் விண்டோஸில் நேரடியாக ஓடா. ஆகவே பழைய யந்திரத்தை ஆக்கர் கடைக்குப் போடும் முன், புதியதில் கணக்கு திறக்கிறதா என்று பாருங்கள்.

இதில் ‘டெலிட்’ செய்த பதிவு உடனே அழிவதில்லை. அடையாளம் மட்டுமே விழும். ‘ரீகால்’ கொடுத்தால் திரும்பும். ‘பேக்’ கொடுத்துவிட்டாலோ போனது போனதுதான். பதிந்த பில் பட்டியலில் இருந்தும் தேடினால் அகப்படவில்லை என்றால், பெரும்பாலும் இண்டெக்ஸ் கெட்டிருக்கும். இண்டெக்ஸைப் புதிதாகக் கட்டினால் தீரும். மீண்டும் அதே பில்லைப் பதிந்து இரட்டைப் பற்று உண்டாக்கிவிடாதீர்கள்.

பழுது பார்க்கும் முன்

கரண்ட் போய், அல்லது நெட்வொர்க் கேபிள் அறுந்து ஃபைல் திறக்கவில்லை என்றால், முதல் வேலை எல்லாக் கவுண்டரிலும் புரோகிராமை மூடுவது. இரண்டாவது, கெட்ட ஃபைலை அப்படியே பிரதி எடுப்பது. மூன்றாவதாக, அந்தப் பிரதியில் மட்டும் ‘காம்பேக்ட் அண்ட் ரிப்பேர்’ கொடுப்பது. பழுது பார்க்கும்போதே சில பதிவுகள் போய்விடக்கூடும். மூலம் கையில் இருந்தால்தான் மறுபடி முயலலாம். பிறகு மொத்தத் தொகையைக் காகிதச் சிட்டையோடு ஒத்துப் பாருங்கள்.

அக்சஸ் ஃபைல் 2 ஜி.பி.க்கு மேல் வளராது. அழித்த பதிவுகளின் இடமும் காம்பேக்ட் செய்யும் வரை அடைந்தே கிடக்கும். மாதம் ஒருமுறை செய்வது நல்லது. பல கவுண்டர் உள்ளவர்கள் கணக்கு ஃபைலை ஒரு யந்திரத்திலும், திரைகளையும் பில் படிவங்களையும் தனி ஃபைலாக ஒவ்வொரு கவுண்டரிலும் வையுங்கள். யு.பி.எஸ். இல்லாத கணக்கு, பூட்டில்லாத கல்லா.

இரண்டு பென்டிரைவ் வைத்து ஒருநாள் விட்டு ஒருநாள் மாற்றிப் பிரதி எடுங்கள். ஒன்று வீட்டில் இருக்கட்டும். திறந்து பார்க்காத பிரதியைப் பிரதி என்று எண்ண வேண்டாம்.

எழுதாக் கணக்கு அழுதாலும் தீராது என்பார்கள். எழுதிய கணக்கும் சரிபார்க்காவிட்டால் அழவைக்கும் என்பது நான் கண்டது. குளச்சல் நண்பருக்குத் திருத்திய பட்டியலை நேரில் கொண்டுபோய்க் கொடுத்து வருத்தம் தெரிவித்தேன். அவர் ரசீதைப் பத்திரமாக வைத்திருந்ததால் என் பெயர் தப்பியது. அன்று முதல், கம்ப்யூட்டர் காட்டும் பாக்கியைப் பேரேட்டோடு ஒத்துப் பாராமல் எந்தக் கடைக்கும் பட்டியல் அனுப்புவதில்லை. நீங்களும் அவ்வாறே செய்யுமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.