ஒரு கிராம் தயிருக்குள் ஐந்து கிருஷ்ணகிரி! தெரியுமா?

ஓசூர் என்றதும் என்ன ஞாபகம் வரும்? அசோக் லேலண்ட் லாரி, டிவிஎஸ் பைக், டைட்டன் கைக்கடிகாரம், சிப்காட், ஜுஜுவாடி செக்போஸ்ட்டில் நகராத டிராபிக்! ஆனால் அந்த ஊரில் லைசென்ஸ் இல்லாமல், கரண்ட் இல்லாமல், ஒரு சத்தமும் இல்லாமல் ராத்திரி ராத்திரியாக இன்னொரு உற்பத்தியும் நடக்கிறது. தமிழில் தயிர் என்று கேட்டாலும், தெலுங்கில் பெருகு என்று கேட்டாலும், கன்னடத்தில் மொசரு என்று கேட்டாலும் எல்லா வீட்டு அடுக்களையிலும் அது தயார். ஒரு டீஸ்பூன் உறைமோரும் வெதுவெதுப்பான பாலும் போதும். அந்த டீஸ்பூனுக்குள் எத்தனை அதிசயம் ஒளிந்திருக்கிறது என்று பார்ப்போமா?

ஒரு கிராமில் ஒரு கோடி உயிர், தெரியுமா?

மேல்நாட்டுத் தயிரை யோகர்ட் என்று பெயர் போட்டு விற்க வேண்டுமானால், அதன் ஒரு கிராமில் குறைந்தது ஒரு கோடி உறை பாக்டீரியாக்கள் உயிரோடு இருக்க வேண்டும். இது கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தர விதி. 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி கிருஷ்ணகிரி மாவட்டத்தின் மொத்த ஜனத்தொகையே சுமார் 18.8 லட்சம்தான். அதாவது ஒரே ஒரு கிராமுக்குள் ஐந்து கிருஷ்ணகிரி மாவட்டங்கள்! ஒரு டீஸ்பூன் உறைக்குள் எத்தனை என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இதோடு நின்றதா? ஏற்ற சூடு கிடைத்தால் இவை விறுவிறுவென்று பெருகும். அரை மணிக்கு ஒரு தடவை இரட்டிப்பதாக வைத்துக்கொண்டால், ஆறு மணி நேரத்தில் ஒன்று 4,096 ஆகிவிடும்!

உறைக்குள் ஒரு கூட்டுக் குடித்தனம், தெரியுமா?

யோகர்ட்டின் நாயகர்கள் இரண்டு பேர். ஒருவர் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோபிலஸ், இன்னொருவர் லாக்டோபாசில்லஸ் பல்காரிகஸ். முதலாமவர் சீக்கிரம் வேலையைத் தொடங்கி, ஃபார்மிக் அமிலத்தையும் கரியமில வாயுவையும் வெளியிடுகிறார். அவை இரண்டாமவர் வளர உதவுகின்றன. பதிலுக்கு இரண்டாமவர் பால் புரதத்தை உடைத்து, முதலாமவருக்கு வேண்டிய அமினோ அமிலங்களைக் கொடுக்கிறார். தனித்தனியாக விட்டால் மெதுவாகத்தான் வேலை நடக்கும். சேர்ந்தால் ஒரே பாய்ச்சல்!

நம் வீட்டுத் தயிரில் இன்னும் பெரிய கூட்டம் இருக்கும். 30 டிகிரி செல்சியஸ் வாக்கில் சுறுசுறுப்பாக இருக்கும் லாக்டோகாக்கஸ் லாக்டிஸ் அதில் முக்கியமான ஆள். மெஷின் எதுவும் இல்லாமல் அடுக்களை மூலையிலேயே நமக்குத் தயிர் தோய்வதற்கு இவர்தான் பெரிய காரணம்.

கெட்டித் தயிரிலும் பெரும்பங்கு தண்ணீர்தான், தெரியுமா?

கரண்டியில் வெட்டி எடுக்கும் அளவுக்குக் கெட்டியான பசும்பால் தயிரிலும் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் தண்ணீர்! பின்னே எப்படி அப்படி நிற்கிறது? பாலில் இருக்கும் கேசின் புரதத் துணுக்குகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதக்கின்றன. பாக்டீரியாக்கள் பால் சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலம் விட விட, 6.6 வாக்கில் இருந்த பாலின் பிஎச் அளவு இறங்கிக்கொண்டே வருகிறது. 4.6-ஐ நெருங்கும்போது அந்தத் தள்ளுமுள்ளு ஓய்ந்து, புரதங்கள் கைகோத்து வலை பின்னிவிடுகின்றன. அத்தனை தண்ணீரும் அந்த வலைக்குள் சிறை! அந்த வலை பின்னும் நேரத்தில் பாத்திரத்தைத் திறந்து திறந்து பார்த்து ஆட்டினால் வலை அறுந்துவிடும். தோய்கிற பாத்திரத்தைத் தொடாதே என்று பாட்டிமார் அதட்டுவது சும்மா இல்லை.

ஓசூரில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிப்பதில்லை, தெரியுமா?

கடல் மட்டத்திலிருந்து சுமார் 880 மீட்டர் உயரத்தில் இருக்கிறது ஓசூர். அந்த உயரத்தில் காற்றழுத்தம் குறைவு. அதனால் தண்ணீர் ஏறத்தாழ 97 டிகிரியிலேயே கொதித்துவிடும்! பாலும் அப்படித்தான், சென்னையைவிடக் கொஞ்சம் முன்னாலேயே பொங்கும். ஆனால் கெட்டித் தயிருக்குக் கவலை வேண்டாம். பாலை 85 டிகிரிக்கு மேல் கொஞ்ச நேரம் வைத்தாலே போதும். அந்தச் சூட்டில் பாலின் இன்னொரு புரதம் உருக்குலைந்து கேசினோடு ஒட்டிக்கொள்கிறது. வலை இன்னும் நெருக்கமாகப் பின்னுகிறது. பொங்கியதும் அடுப்பை அணைக்காமல், தணலைக் குறைத்துப் பத்து நிமிஷம் விட்டுப் பாருங்கள். கடைத் தயிர் தோற்றுப்போகும்!

50 கிலோமீட்டர் இறங்கினால் கணக்கே மாறும், தெரியுமா?

பெங்களூரு நெடுஞ்சாலையில் ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு ஏறக்குறைய 50 கிலோமீட்டர். ஆனால் இறக்கமோ சில நூறு மீட்டர்! ஓசூரும், குட்டி இங்கிலாந்து என்று பெயர் வாங்கிய தளியும் மார்கழியில் நடுங்கும். கிருஷ்ணகிரியோ சித்திரையில் கொதிக்கும். அரை லிட்டர் பாலுக்கு ஒரு டீஸ்பூன் உறை என்பது பொதுக் கணக்கு. கிருஷ்ணகிரி வெயிலில் அதையே பாதியாகக் குறைக்காவிட்டால் மத்தியானத்துக்குள் புளித்துவிடும். ஓசூர்க் குளிரில் இரண்டு மூன்று டீஸ்பூன் விட்டாலும் விடியும்போது பால் பாலாகவே இருக்கும்!

அதற்கு அங்குள்ள கைப்பக்குவத்தைக் கேளுங்கள். சுண்டு விரலைப் பாலில் விட்டுப் பத்து எண்ணும் வரை சூடு தாங்க வேண்டும், அதுதான் பதம். உறையைத் தனிக் கிண்ணத்தில் கொஞ்சம் பால் விட்டுக் கரைத்துக்கொண்டு, பிறகு மொத்தப் பாலில் ஊற்றி ஒரே ஒரு ஆற்று. உடனே மூடி, பழைய கம்பளியில் சுற்றி, அரிசி டப்பாவுக்குள் இறக்கிவிட வேண்டும். அரிசி சூட்டை வெளியே விடாது. சிலர் ஹாட்பாக்ஸில் வைப்பார்கள். சிலர் அணைத்த அடுப்பின் ஓரத்தில் வைப்பார்கள். கை சுடும் பாலில் மட்டும் உறையை ஊற்றிவிடாதீர்கள், பாக்டீரியா பிழைக்காது.

நைட் ஷிப்டும் தயிரும் ஒரே நேரத்தில் முடியும், தெரியுமா?

ராத்திரி பத்து மணி ஷிப்டுக்குக் கிளம்பும்போது உறை ஊற்றிவிட்டுப் போனால், காலையில் வீடு திரும்பும்போது தயிர் தயார். மனிதனின் ஒரு ஷிப்டு எட்டு மணி நேரம், பாக்டீரியாவுக்கும் ஏறத்தாழ அதேதான்!

டிபன் பாக்ஸ் கட்டுகிறவர்களின் சாமர்த்தியம் இன்னும் ஒரு படி மேலே. காலை ஐந்தரைக்குச் சோற்றைக் குழைத்து, பாலை நிறைய விட்டு, தயிரை ஒரே ஒரு ஸ்பூன் மட்டும் கலந்து மூடிவிடுவார்கள். கம்பெனி பஸ்ஸில் போகும்போதே டப்பாவுக்குள் பால் தயிராகிக்கொண்டிருக்கும். மதியம் திறந்தால் துளியும் புளிக்காத தயிர்சாதம்! ஓடுகிற பஸ்ஸில், மூடிய டப்பாவில் ஒரு பால் பண்ணையே நடக்கிறது.

பாக்கெட் நிறத்திலேயே தயிரின் தலையெழுத்து இருக்கிறது, தெரியுமா?

எல்லை ஊர் என்பதால் ஓசூர்க் கடைகளில் தமிழ்நாட்டு ஆவினும் கிடைக்கும், கர்நாடகத்து நந்தினியும் கிடைக்கும். ஆவின் நீலப் பாக்கெட்டில் கொழுப்பு 3 சதவீதம், ஆரஞ்சுப் பாக்கெட்டில் 6 சதவீதம். எருமைப்பாலில் 7 சதவீதம் வாக்கில் இருக்கும். கொழுப்பு ஏற ஏறத் தயிர் வழவழப்பாகவும், மேலே ஆடை தடிப்பாகவும் வரும். நீலப் பாக்கெட்டிலும் கெட்டித் தயிர் வரும், அந்தப் பத்து நிமிஷச் சிறுதணலை மட்டும் விடாதீர்கள்.

200 வயதைத் தாண்டிய பண்ணை ஓசூரில் இருக்கிறது, தெரியுமா?

தொழிற்சாலைகள் வருவதற்கு வெகு காலம் முன்னாலேயே, 1824-இல், ஓசூரை அடுத்த மத்திகிரியில் வெள்ளைக்காரர்கள் ஒரு பண்ணை தொடங்கினார்கள். முதலில் ராணுவத்துக்குக் குதிரை வளர்ப்பதற்கு! பின்னால் அதுவே மாட்டுப் பண்ணையானது. 1,600 ஏக்கருக்கு மேல் விரிந்து கிடக்கும் இந்த மாவட்டக் கால்நடைப் பண்ணையில் சிவப்பு சிந்தி போன்ற கறவை இனங்கள் வளர்ந்து பேர் வாங்கின. 2024-இல் அதற்கு 200 வயது நிறைந்தது.

இந்த மண்ணின் மாட்டுக் கதை அதைவிடப் பழசு. கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் எங்கே திரும்பினாலும் நடுகல். அவற்றில் பல, ஆநிரை மீட்கப் போய் உயிரைக் கொடுத்த வீரர்களுக்கு எடுத்தவை. மாட்டுக்காக உயிரையே கொடுத்த பூமி இது!

உறை ஊற்றிய தயிர் சங்க இலக்கியத்திலேயே இருக்கிறது, தெரியுமா?

பத்துப்பாட்டில் ஒன்று, கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை. அதில் ஓர் ஆயர்குலப் பெண் விடியுமுன் எழுந்து, உறையிட்டுத் தோய்ந்த தயிரைக் கடைகிறாள். மத்தின் ஓசையைப் புலியின் குரலோடு ஒப்பிடுகிறார் புலவர்! வெண்ணெயை எடுத்துக்கொண்டு, மோர்ப்பானையைத் தலையில் வைத்துப் போய் விற்கிறாள். நெய்க்கு விலையாகப் பொன் கொடுத்தால் வேண்டாம் என்கிறாள். அதற்குப் பதில் எருமையும் பசுவும் வாங்குகிறாள். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய பால் வியாபாரியின் முதலீட்டுத் திட்டம் அது!

உறை இல்லாமலும் தயிர் தோயும், தெரியுமா?

உறை தீர்ந்துவிட்டதா? காய்ந்த மிளகாயைக் காம்போடு வெதுவெதுப்பான பாலில் போட்டு மூடி வைப்பது நம் ஊர்ப் பழக்கம். செடிகொடிகளில் இயல்பாகவே லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. அவைதான் காம்போடு வந்து சேர்கின்றன. பல்காரிகஸின் மரபணுவை ஆராய்ந்தவர்களே, அதன் முன்னோர்கள் செடிகளோடு வாழ்ந்து பிறகு பாலுக்குக் குடிமாறியவை என்கிறார்கள்! முதல் தோய்ச்சல் சுமாராகத்தான் இருக்கும். அதிலிருந்து எடுத்து மறுபடி தோய்த்தால் திருந்திவிடும்.

இதைவிட வியப்பு பல்கேரியாவில். அங்கே பழைய காலத்தில் எறும்பைப் போட்டுத் தயிர் தோய்த்திருக்கிறார்கள்! கோபன்ஹேகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அங்குள்ள ஒரு கிராமத்துக்கே போய், நாலு செவ்வெறும்புகளை வெதுவெதுப்பான பாலில் விட்டு, ஜாடியை எறும்புப் புற்றில் புதைத்துச் சோதித்தார்கள். பால் கெட்டியாகத் தொடங்கியது! எறும்பின் ஃபார்மிக் அமிலமும், அதன் உடம்பிலிருக்கும் பாக்டீரியாக்களும் சேர்ந்து செய்த வேலை என்று 2025-இல் அறிவித்தார்கள். வீட்டில் யாரும் இதைச் செய்து பார்க்க வேண்டாம், மிளகாய்க் காம்பே போதும்!

தயிர் மேல் நிற்கும் பச்சை கலந்த மஞ்சள் நீர் என்ன, தெரியுமா?

கெட்டுப்போய்விட்டது என்று கீழே ஊற்றிவிடாதீர்கள். அந்த நிறம் ரைபோஃபிளேவின், அதாவது வைட்டமின் பி2! ரசத்திலோ சப்பாத்தி மாவிலோ ராகிக் கூழிலோ சேர்த்துவிடுங்கள்.

தயிர் தோயாவிட்டால் அதிலும் ஒரு சேதி, தெரியுமா?

பாலும் உறையும் சூடும் சரியாக இருந்தும் தோயவில்லையா? மடிநோய்க்கு ஆன்டிபயாடிக் ஊசி போட்ட மாட்டின் பாலாக இருக்கலாம். மருந்தின் மிச்சம் பாலில் இறங்கி உறை பாக்டீரியாக்களைக் கொன்றுவிடும். ஊசி போட்டபின் மருத்துவர் சொல்லும் நாட்கள் வரை அந்தப் பாலை விற்கக்கூடாது என்ற விதி இதனால்தான் முக்கியம்.

தொழிற்சாலைகளிலோ இன்னொரு எதிரி உண்டு. பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்! டேனிஸ்கோ என்ற கம்பெனியின் விஞ்ஞானிகள் பரங்கூவும் ஓர்வாத்தும் தங்கள் குழுவோடு, வைரஸுக்குத் தப்பிய தெர்மோபிலஸ்களை ஆராய்ந்தார்கள். அவை எதிரியின் மரபணுத் துண்டை வெட்டித் தம் உடம்பில் ஞாபகமாகச் சேர்த்து வைத்திருந்தன! 2007-இல் வெளியான அந்த ஆய்வுதான் கிறிஸ்பர் என்ற இந்த ஞாபகப் பெட்டகம் எதற்காக இருக்கிறது என்பதைச் சோதனையில் நிரூபித்தது. மரபணுவைத் திருத்தும் கருவியாக அதை மாற்றிய ஷார்பென்டியே, டவுட்னா என்ற இரு பெண்களுக்கு 2020-இல் வேதியியல் நோபல். 2023-இல் அரிவாள் அணு ரத்தச்சோகைக்குக் கிறிஸ்பர் சிகிச்சையே வந்துவிட்டது. நம் நீலகிரிப் பழங்குடி மக்களை வாட்டும் அதே நோய்! தயிர்ச் சட்டியிலிருந்து எங்கே போய்விட்டது பாருங்கள்!

பால் செரிக்காத பலருக்கும் தயிர் ஒத்துக்கொள்ளும், தெரியுமா?

பால் குடித்தால் வயிறு உப்புவது லாக்டோஸ் செரிக்காததால். தயிரில் அந்தச் சர்க்கரையில் ஒரு பங்கை பாக்டீரியாக்களே தின்றுவிடுகின்றன. மிச்சத்தைச் செரிக்கும் என்சைமையும் கையோடு கொண்டுவருகின்றன. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையமே 2010-இல் இதை ஏற்றுக்கொண்டது. உயிருள்ள தயிராக இருக்க வேண்டும், அதுதான் நிபந்தனை.

தயிரை மருந்துக் கடையில் விற்ற காலமும் உண்டு, தெரியுமா?

1905-இல் பல்கேரிய மருத்துவ மாணவர் ஸ்டாமென் கிரிகோரோவ் தன் நாட்டுத் தயிரிலிருந்து பல்காரிகஸைக் கண்டுபிடித்தார். 1908-இல் நோபல் வாங்கிய விஞ்ஞானி மெச்னிகோவ், அந்தத் தயிர்தான் பல்கேரிய கிராமத்தாரின் நீண்ட ஆயுளுக்குக் காரணம் என்று எழுதினார். 1919-இல் ஐசக் கராசோ பார்சிலோனாவில் தயிர் தயாரித்து, மருந்துக் கடைகள் வழியாக விற்றார். தன் மகன் டேனியலின் செல்லப் பெயரை வைத்தார். அதுதான் இன்றைய டனோன்!

ஆக, உலகம் மருந்துக் கடையில் வாங்கியதை நாம் பக்கத்து வீட்டில் ஒரு கிண்ணம் நீட்டி வாங்கினோம். விளக்கு வைத்தபின் உறைமோர் கொடுக்கக்கூடாது என்று இன்றும் பலர் சொல்வார்கள். அந்தப் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுவோமே! பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வேலைக்கு வந்து, ஓசூர் லைன் வீட்டில் புதிதாகக் குடியேறியவர் ராத்திரி எட்டு மணிக்குக் கேட்டாலும் ஒரு ஸ்பூன் கொடுங்கள். கொடுப்பதால் உறை குறையாது, நாளைக்குள் பல கோடியாகிவிடும். இன்று தயிர்ப் பாத்திரத்தை வழித்துக் கழுவப் போகும் முன் ஒரு ஸ்பூன் மிச்சம் வையுங்கள், ராத்திரியே அரை லிட்டர் பாலில் உறை ஊற்றிவிடுங்கள்!