வெல்லத்துக்கு மசியாத பூனை

கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் இனிப்பு கம்பம் பள்ளத்தாக்கில் எல்லாருக்கும் தெரியும், வீட்டுப் பூனையைத் தவிர. நாக்கு இனிப்பை உணர இரண்டு மரபணுக்கள் சேர்ந்து வேலை செய்தாக வேண்டும். அவற்றில் ஒன்று பூனைக்குச் சிதைந்து கிடக்கிறது என்று பிலடெல்பியாவின் மோனெல் ஆய்வு மையத்தினர் 2005-இல் கண்டறிந்தார்கள். புலிக்கும் அதே குறைதான். 2021-இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகத்தில் உலவும் புலியும், கம்பத்து வீட்டு அடுப்படியில் சுருண்டு கிடக்கும் பூனையும் இந்த வகையில் ஒரே நாக்குக்காரர்கள்.

ஆகவே பூனைக்கு மருந்து கொடுக்க மாத்திரையைத் தேனில் குழைப்பதும் வெல்லத்தில் பொதிவதும் வீண். பூனைக்கு அது வெறும் பிசுக்கு. கசப்பு மட்டும் நன்றாகவே தெரியும். கசப்பான டானிக் நாக்கில் பட்டதும் வாய் நுரைத்து வடிவதைப் பார்த்து, மருந்தே விஷமாகிவிட்டதோ என்று பதறுகிறவர்கள் உண்டு. பெரும்பாலும் அது கசப்புக்குச் சுரக்கும் எச்சில்தான்.

ஏமாற்றித்தான் ஆகவேண்டும் என்றால் மீன்தான் வழி. முள் நீக்கிய வேகவைத்த மீனைச் சிறு உருண்டைகளாகப் பிடியுங்கள். முதல் உருண்டை வெறும் மீன், இரண்டாவதில் மாத்திரை, மூன்றாவதை உடனே மூக்கருகில் நீட்டிவிட வேண்டும். அடுத்தது கைக்கு வந்துவிட்டது என்று தெரிந்தால் வாயில் இருப்பதை அது அவ்வளவாக ஆராய்வதில்லை. தினசரிச் சோற்றில் மட்டும் மருந்தைக் கலக்காதீர்கள். ஒருமுறை கசந்தால் அந்தச் சோற்றையே ஒதுக்கிவிடும்.

மீனுக்கும் மசியாத பூனைகள் இருக்கின்றன. மாட்டுப் பொங்கலன்று மாட்டை வழிபடத் தம்பிரான் மாட்டுத் தொழுவில் கூட்டம் நெரியும் ஊர் கம்பம். மாட்டுக்கு மருந்து புகட்டிப் பழகிய கைகள் நிறைய. மூங்கில் குழாயும் பலமும் போதும் என்று அதே பழக்கத்தில் பூனையையும் அமுக்கினால் மிஞ்சுவது கீறல்தான். பெரிய காளை கொடுக்கும் இடத்தை நாலு கிலோ பூனை கொடுக்காது. துண்டால் கால்களைச் சுற்றி, முகம் நமக்கு எதிர்ப்புறம் பார்க்க உட்கார வைத்து, தலையை மேலிருந்து பிடித்து மூக்கை உயர்த்தினால் கீழ்த்தாடை தானே தளரும். மாத்திரையை நாக்கின் பின்கோடியில், நடுவில் போட்டு வாயை மூடுங்கள். மூக்கை நக்கினால் விழுங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். திரவ மருந்துக்குத் தலையை அண்ணாத்தவே கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும். ஊசி இல்லாத சிரிஞ்சால், கோரைப்பல்லுக்குப் பின்னுள்ள இடைவெளி வழியாகச் சிறிது சிறிதாக விடவேண்டும்.

விழுங்கியதோடு வேலை முடிந்ததாக நினைப்பது வழக்கம். நான் அதிகம் வற்புறுத்துவது இதற்குப் பிந்தைய காரியத்தைத்தான். தண்ணீர் இல்லாமல் விழுங்கிய மாத்திரை பூனையின் உணவுக்குழாயிலேயே பல நிமிடம் தங்கிவிடுவது ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் அப்படி ஒட்டிக்கொண்டால் குழாய் புண்ணாகி, ஆறும்போது தழும்பேறிச் சுருங்கிவிடலாம். பிறகு திட உணவே இறங்காது. 5, 6 மில்லி தண்ணீரை சிரிஞ்சில் மெதுவாகக் கொடுத்தால் தீர்ந்தது.

இத்தனைக்கும் மேலான ஆபத்து நம் மருந்து டப்பாவில் இருக்கிறது. பூனை சுருண்டு படுத்தால், காய்ச்சல் என்று பாராசிட்டமாலை உடைத்துக் கொடுக்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. அந்த மருந்தைச் செயலிழக்கச் செய்து வெளியேற்ற மனிதக் கல்லீரலில் ஒரு நொதி இருக்கிறது. பூனைக்கு அதற்கான மரபணுவும் பழுது. இறைச்சியை மட்டுமே தின்று வந்த பரம்பரைக்குத் தாவர நஞ்சுகளை முறிக்கும் தேவை குறைந்துபோனதால் அது பழுதாகியிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. வெளியேறாத மருந்து நஞ்சாக மாறி இரத்தச் சிவப்பணுக்களைத் தாக்குகிறது. இரத்தத்தால் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போகிறது. ஈறு பழுப்பாகும், முகமும் பாதமும் வீங்கும், மூச்சு வாங்கும். நம் தலைவலிக்குப் போடும் 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்று நாலு கிலோ பூனையைக் கொல்லப் போதும். பாதி கொடுத்தால் பரவாயில்லை என்ற கணக்கும் தப்பு. நாய்க்கு உண்ணி போக விடும் பெர்மெத்ரின் சொட்டுமருந்தும் பூனைக்கு எமன்தான்.

மாத்திரை எப்படியும் இறங்கவில்லை என்றால் மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். சில மருந்துகள் ஊசியாகவோ சொட்டாகவோ கிடைக்கும். சிலவற்றைப் பொடித்துத் தரலாம், சிலவற்றைப் பொடிக்கவே கூடாது. அதை முடிவு செய்ய வேண்டியவர் அவர். பாராசிட்டமாலை ஏற்கெனவே கொடுத்திருந்தால், அறிகுறி தெரியட்டும் என்று காத்திராமல் அந்த மாத்திரை அட்டையோடு உடனே கால்நடை மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். அசிட்டைல்சிஸ்டைன் என்ற மாற்று மருந்து இருக்கிறது. சீக்கிரம் கொடுத்தால்தான் அதற்குப் பலன்.