பேராசிரியை கெர்ட்டி கோரி

மாடிப்படியில் ஓடி ஏறுகிறோம், கால்கள் சோர்கின்றன. சற்று நின்றால் மீண்டும் தெம்பு உண்டாகிறது. தேகத்தினுள் அப்போது நடப்பது என்ன? இதற்கு விடை கண்டவர்களுள் ஒருவர் கெர்ட்டி கோரி என்னும் பெண்மணி.

1896-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் தேதி பிராக் நகரில் பிறந்த கெர்ட்டி, அந்நகரத்து ஜெர்மன் சர்வகலாசாலையில் 1920-ல் வைத்தியப் பட்டம் பெற்றார். உடன் பயின்ற கார்ல் கோரியை அவ்வாண்டே மணந்தார். 1922-ல் தம்பதிகள் அமெரிக்காவில் பப்பலோ நகரத்துப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தில் குடியேறினர்.

கணவருடன் சேர்ந்து ஆராய்ச்சி செய்வதை நிறுத்தாவிடில் வேலை போய்விடும் என்று அங்கே அவரை எச்சரித்தார்கள். கணவருடைய முன்னேற்றத்துக்கு அவரே தடை என்று வேறொரு சர்வகலாசாலையில் நேரிலேயே கூறினார்கள். இருவரும் செவி சாய்க்கவில்லை.

1929-ல் அவர்கள் கண்ட உண்மை இது: கடுமையாக உழைக்கும் தசையில் சேமித்துள்ள கிளைக்கோஜன் சிதைந்து லாக்டிக் அமிலமாகிறது. அவ்வமிலம் இரத்தத்தின் வழியே கல்லீரலை அடைந்து, குளுக்கோஸாக மாறித் தசைக்குத் திரும்புகிறது. இதற்குக் 'கோரி சக்கரம்' என்றே பெயர்.

1931-ல் ஸெயிண்ட் லூயி நகரத்து வாஷிங்டன் சர்வகலாசாலை கார்லுக்குப் பேராசிரியர் பதவி தந்தது. கெர்ட்டிக்கோ ஆராய்ச்சி உதவியாளர் வேலை. கணவர் சம்பளத்தில் மிகச் சிறு பங்கு. ஆராய்ச்சிச் சாலை ஒன்றே, உழைப்பும் ஒன்றே. கிளைக்கோஜன் சிதையும்போது முதலில் தோன்றும் பொருளை 1936-ல் இருவரும் சேர்ந்தே கண்டறிந்தனர்.

பதினாறு ஆண்டுகள் கழித்து, 1947-ல், ஐம்பது வயதில், அவர் உயிர் இரஸாயனப் பேராசிரியையானார். அவ்வாண்டே கணவரோடும் அர்ஜெண்டினாவின் பெர்னார்டோ ஹௌஸேயோடும் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். வைத்தியத்துக்கான அப்பரிசை அடைந்த முதல் பெண்மணி அவரே.

அதே ஆண்டில், எலும்பு மஜ்ஜையைப் பற்றிய தீராத நோய் தமக்கு இருப்பதையும் அறிந்தார். எனினும் ஆராய்ச்சியை விடவில்லை. கல்லீரலில் கிளைக்கோஜன் மிகுதியாகத் தேங்கும் பிறவி நோய் ஒன்றுக்கு, ஒரு குறிப்பிட்ட என்ஸைம் இல்லாமையே காரணம் என்பதை 1952-ல் கோரி தம்பதிகள் காட்டினர். 1957 அக்டோபர் 26-ல் கெர்ட்டி காலமானார்.

அவருடைய பொறுமையை மெச்சுவது எளிது. ஆனால் அப்பொறுமையை அவரிடம் கேட்டது நியாயமா? பரிசு கிட்டியதால் அநீதி நீதியாகிவிடாது. பரிசு பெறாத எத்தனை கெர்ட்டிகள் உதவியாளராகவே ஓய்ந்தனரோ! பெண்ணின் படிப்புக்கு எல்லை குறிக்கும் பெரியோர் இதைச் சற்றுச் சிந்திப்பார்களாக.