நாக்கிலும் பல் கொண்ட மீன்

சொட்டைவாளையின் நாக்கைத் தொட்டால் விரலில் பல் குத்தும். தாடை இரையைப் பிடிக்கிறது. நாக்குப் பற்கள் அதை மேலண்ணத்தோடு சேர்த்து நசுக்குகின்றன. 'எலும்பு நாக்கு மீன்கள்' என்னும் தொல்குடியின் அடையாளம் இது. டைனோசர் காலத்துப் பாறைகளிலேயே இந்தக் குடியின் புதைபடிவங்கள் கிடைக்கின்றன. அமேசானின் அரபைமாவும் கண்ணாடித் தொட்டிகளில் பார்க்கும் அரோவானாவும் இதன் உறவுகள்தான்.

காவிரியிலும் அதன் நீர்த்தேக்கங்களிலும் வாழும் சொட்டைவாளை, கத்தியைப் போலத் தட்டையானது. முதுகில் இருப்பது இறகளவு துடுப்பு. நீந்தும் வேலை முழுவதும் அடியில் நடக்கிறது. வயிற்றருகே தொடங்கி வாலோடு ஒன்றிப்போகும் நீண்ட துடுப்பில் சுமார் 100 கதிர்கள் உண்டு. உடலை வளைக்காமல் அந்தத் துடுப்பை மட்டும் அலையாக அசைத்து முன்னே போகும். அலையைத் திருப்பிவிட்டால் அப்படியே பின்னே வரும். திரும்ப இடமில்லாத வேர் இடுக்குகளில் இதைவிட நல்ல ஏற்பாடு எது? பகலில் அங்கே பதுங்கிக் கிடந்து, இருட்டியதும் பூச்சி, இறால், சிறுமீன் தேடிக் கிளம்பும்.

கோடையில் குட்டை சூடேறி நீரில் ஆக்சிஜன் குறையும்போது பல மீன்கள் திணறும். சொட்டைவாளை மேலே வந்து காற்றை விழுங்கும். ரத்த நாளங்கள் நிறைந்த அதன் காற்றுப்பை நுரையீரலின் வேலையையும் செய்கிறது. மழைக்காலத்தில் நீரில் மூழ்கிய செடிகளிலும் கற்களிலும் முட்டையிடும்.

வேலூரின் பாகாயத்தில் இருப்பவர்களுக்கு இந்த மீனைப் பற்றிச் சொல்லக் காரணம் உண்டு. வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் வழியாக வரும் பாலாறு ஆண்டின் பெரும்பகுதி வெறும் மணல். தோல் பதனிடும் ஆலைக் கழிவின் உப்பும் குரோமியமும் அதன் நிலத்தடி நீர்வரை இறங்கியிருக்கின்றன. 1996-இல் இந்த மாசுக்காகத் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், 2025 ஜனவரியிலும் மீண்டும் உத்தரவிட வேண்டியிருந்தது. காற்றைக் குடித்துப் பிழைக்கும் மீனும் நஞ்சைக் குடித்துப் பிழைக்காது. அது தின்னும் பூச்சியும் இறாலும் முதலில் சாகும்.

ஓட்டேரி போன்ற நம் ஏரிகளில் கழிவு கலக்காமல் பாருங்கள். தூர் வாரும்போது கரையோரச் செடிகளையும் கற்களையும் முழுதாக வழித்தெடுத்துவிடாதீர்கள். மீன்கள் முட்டையிட அவை வேண்டும்.