ஜவ்வாது மலைத் துப்பாக்கிக்கு நீளக் குழல் ஏன்?

ஜவ்வாது மலைவாசிகளுக்கு நாட்டுத் துப்பாக்கி புதியது அல்ல. குழலின் வாய் வழியாகக் கரிமருந்தையும் ரவையையும் போட்டு, கம்பியால் இடித்துக் கெட்டிப்பார்கள். குழல் மிக நீளம். புதரில் மாட்டும், கொடியில் சிக்கும். பின் ஏன் அந்த நீளம்?

கரிமருந்து மெதுவாக எரியும். அது நன்றாக எரிந்து ரவையைத் தள்ள நீளக் குழல் வேண்டும்!

ரைபிள் தோட்டாவிலோ புகையில்லா மருந்து. சட்டென்று எரிந்துவிடும். ஆகவே குழல் குறைந்தாலும் பாதகமில்லை. பழைய சேலம் ஜில்லாக் காடுகளில் ஆட்கொல்லிப் புலிகளைச் சுட்டவர் பெங்களூர் கென்னத் ஆண்டர்சன் (1910-1974). அவர் கையில் இருந்தது 405 வின்செஸ்டர். அந்த ரகத்துக்குக் குழல் 24 அங்குலம்தான். அடர்ந்த காட்டில் சட்டென்று தூக்கிக் குறி பார்க்க அதுவே வசதி.

நீளக் குழல்தான் குறி தப்பாது என்பார்கள் சிலர். அது வீண் பேச்சு. ரைபிளின் குறியைக் காப்பது குழலின் உறுதியும், உள்ளே வெட்டிய சுருள் வரிகளும்.

அப்படியானால் ரம்பம் வைத்து அறுத்துவிடலாமா? கூடவே கூடாது! குண்டின் வேகம் குறையும். சத்தம் காதைப் பிளக்கும். 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, லைசென்ஸ் இல்லாமல் குழலைக் குட்டையாக்குவதே குற்றம்.

வேட்டைக்கும் வழியில்லை. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. மானைச் சுட்டாலும் சிறைதான், குழல் எத்தனை அங்குலமாக இருந்தாலும்!