பிள்ளையின் தோல் ஏன் செதிலாகிறது?

"வயிறு நிறையச் சோறு கொடுக்கிறோம். ஆனாலும் பிள்ளையின் தோல் உலர்ந்து செதில் செதிலாக உரிகிறது. எண்ணெய் பூசியும் போகவில்லை." இடம்பெயர்ந்த தாய்மாரிடமிருந்து நாம் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு இது. சொறியா, படையா என்று முதலில் வைத்தியரிடம் காட்டுங்கள். காரணம் உணவிலும் இருக்கலாம்.

1929இல் அமெரிக்காவில் பர் தம்பதியினர் எலிகளுக்குக் கொழுப்பே இல்லாத உணவைக் கொடுத்தனர். எலிகளின் தோல் செதிலாகியது, வளர்ச்சியும் குன்றியது. உடல் தானாக ஆக்க முடியாத கொழுப்பமிலங்கள் உண்டென்பது இவ்வாறு தெரியவந்தது. 1961இல் டாக்டர் ஆனந்த பிரசாத் ஈரானில் வளர்ச்சி குன்றிய இளைஞரைப் பற்றி எழுதினார். அவர்கள் பெரும்பாலும் உண்டது புளிக்க வைக்காத கோதுமை ரொட்டி. நாகம் என்னும் கனியுப்பின் குறைபாட்டையே அவர் சந்தேகித்தார். நாகம் குறைந்தாலும் தோல் கெடும்.

இவை இரண்டும் தொடர்புடையவை. நல்லெண்ணெயிலுள்ள கொழுப்பமிலத்தில் ஒரு பகுதியை உடல் மாற்றியமைத்தே கலங்களின் மென்சவ்வுக்குப் பயன்படுத்துகிறது. அம்மாற்றத்தைச் செய்யும் நொதியங்களில் இரும்பு உண்டு. நாகம் குறைந்தால் அவ்வேலை தளர்வதை விலங்காய்வுகள் காட்டின. எண்ணெய் இருந்தும் கனியுப்பு இல்லையென்றால், நெல் இருந்தும் உலக்கை இல்லாத வீட்டின் கதைதான்.

கனியுப்பு உணவில் இருந்தும் உடலில் சேராமற் போவதுண்டு. தவிட்டிலும் பயறிலுமுள்ள பைற்றிக் அமிலம் இரும்பையும் நாகத்தையும் பிடித்துக்கொள்ளும். பயற்றை ஊறவைத்து முளைக்கவிட்டால் அந்தப் பிடி தளரும். சாப்பிட்ட கையோடு தேநீர் குடித்தால் இரும்பு சேர்வது குறையும். ஒரு மணி நேரமாவது பொறுத்துக் குடியுங்கள். முருங்கையிலை வறையை இறக்கியபின் தேசிப்புளி விட்டால் இரும்பு நன்கு சேரும். வறையிலுள்ள தேங்காய்ப்பூவும் வீணல்ல. இலையிலுள்ள கரோட்டின் உடலில் சேரக் கொழுப்பு வேண்டும்.

தேங்காயைப் பழிக்க வேண்டாம். அது சக்தி தரும், ஆனால் அத்தியாவசியக் கொழுப்பமிலங்கள் அதில் மிகக் குறைவு. நல்லெண்ணெயிலோ ஏறத்தாழ 40 வீதம் லினோலெயிக் அமிலம். எள்ளில் எண்ணெயும் இரும்பும் நாகமும் ஒன்றாகவே உள்ளன. பெரியபிள்ளையான பெண்ணுக்கு நல்லெண்ணெயும் உழுந்தும் கொடுத்த எங்கள் ஆச்சிமார் எந்த நொதியத்தையும் அறிந்திருக்கவில்லை!

நெத்தலி, சூடை போன்ற சிறுமீன்களை மலிவென்று ஒதுக்காதீர்கள். தோலுக்கும் மூளைக்கும் வேண்டிய ஒமேகா-3 கொழுப்பு அவற்றில் மாற்றம் வேண்டாமல் ஆயத்தமாகவே உள்ளது. முள்ளோடு மென்றால் கல்சியமும் கிடைக்கும். நெத்தலிக் கருவாடாயின் சுடுநீரில் கழுவி உப்பைக் குறைத்துச் சமையுங்கள்.

காணி இல்லாதவர்களும் கொட்டில் வாசலில் ஒரு முருங்கைத் தடி ஊன்றலாம். மாரி தொடங்கும் காலம் அதற்கு ஏற்றது.