பசியில்லாத மீனுக்குத் தூண்டில்

1871ஆம் ஆண்டு, நியூயார்க்கிலிருந்து கலிஃபோர்னியாவுக்கு ரயிலில் சில பால் கேன்கள் போயின. உள்ளே பால் இல்லை. ஹட்சன் ஆற்று ஷாட் மீன் குஞ்சுகள். கூடவே பயணம் செய்த மீன் வளர்ப்பு நிபுணர் செத் கிரீன், வழியெல்லாம் தண்ணீரை மாற்றி, சுமார் 10,000 குஞ்சுகளைச் சாக்ரமென்டோ ஆற்றில் உயிரோடு விட்டார்.

வங்காளிகள் உயிரை விடும் ஹில்சாவுக்கு உறவுக்கார மீன் இது. கடலில் வளர்ந்து, வசந்தத்தில் முட்டையிட ஆறேறும். அந்தப் பயணத்தில் பெரும்பாலும் இரை எடுப்பதில்லை. அப்படியும் தூண்டிலைக் கவ்வுகிறது! எரிச்சலா, பழைய பழக்கமா? தூண்டில்காரர்கள் இன்றுவரை சண்டை போடுகிறார்கள்.

இங்கே புழுவுக்கு வேலையில்லை. சிறு கொக்கியில் இளஞ்சிவப்பு, பச்சை என்று பளிச்சிடும் நூலையும் இழைகளையும் சுற்றிய 'ஃப்ளை' எனும் போலி இரைதான் எல்லாம். முன்பக்கம் கண் போல இரண்டு உலோக மணிகள். அந்தக் கனத்தில் அது ஆழத்துக்கு இறங்கும். மீன்கள் அடியை ஒட்டிப் போவதால், அமிழும் கயிற்றைக் குறுக்கே வீசி, நீரோட்டம் அதை வளைத்து இழுக்க விடுவார்கள். கயிறு நேராகி நிற்கும் நொடியில்தான் பெரும்பாலும் வெடுக்கென்று இழுப்பு விழும்.

அவசரப்பட்டுச் சுண்டினால் போச்சு. ஷாட்டின் வாய் மெல்லியது. கிழிந்து கொக்கி கழன்றுவிடும். சிக்கியதும் மீன் பக்கவாட்டில் திரும்பி, நீரோட்டத்தின் பலத்தையும் சேர்த்துக்கொண்டு இழுக்கும்.

கிரீன் விட்ட குஞ்சுகளின் வம்சம் கடல் வழியே வடக்கே பரவியது. இன்று கொலம்பியா ஆற்றில் பல ஆண்டுகளில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட ஷாட் ஏறுகின்றன.